கச்சான் பாத்தியில் மண்ணுக்கு ஒரு கருவி, இலைக்கு ஒரு கருவி: வன்னிக்கான ஒப்பீடு

சிறுபோகத்தில் கிணற்றுநீரை நம்பி ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் செம்மண்ணில் 3 மீற்றருக்கு 3 மீற்றர் அளவில் 12 கச்சான் பாத்திகள். நாலு பாத்தி வெறுமண். நாலில் வைக்கோல் மூடுபடை. மிச்ச நாலில் நடுவே, ஒளி புகும் சுவருள்ள மேல்திறந்த கூண்டு வைத்துச் சூடேற்றல். மண்ணின் வெப்பநிலையும் இலைவிதானத்தின், அதாவது பயிரின் மேல் இலைப்பரப்பின், வெப்பநிலையும் போகம் முழுக்க வேண்டும். கையில் இருக்கும் காசு அளவானது. எதை வாங்குவது?

இதை ஒரே கொள்வனவாக நினைப்பதில்தான் முதல் பிழை வரும். மண்ணுக்குள் தொட்டு அளக்க வேண்டும். இலையைத் தொடாமல் அளக்க வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்யும் ஒற்றைக் கருவி கிடையாது. இருக்கிறது என்று விற்கப்படுபவை இலையை அளப்பதில்லை, இலைக்கு நடுவிலுள்ள காற்றைத்தான் அளக்கின்றன.

மேல்திறந்த கூண்டும், பாத்திக்குப் பாத்தி சின்ன லொகர் (வாசிப்பைத் தானே பதிந்துவைக்கும் கருவி) புதைக்கும் வழக்கமும் நன்றாகப் பழகியது மரமற்ற குளிர்நிலமான தூந்திரப் பகுதிகளில். 1990 இல் தொடங்கிய சர்வதேசத் தூந்திரப் பரிசோதனை வலையமைப்பு, 60 பாகை சாய்ந்த சுவர்கள் கொண்ட அறுகோணக் கூண்டைப் பல நாட்டுத் தளங்களில் வைத்தது. அங்கே அது வளர்பருவச் சராசரியை ஏறத்தாழ 1 முதல் 2 பாகை உயர்த்தும். அதனால் இந்தக் கருவிகளைப் பற்றிய எச்சரிக்கைகளும் பெரும்பாலும் அந்த ஊருக்கு உரியவை. குளிரில் பற்றரி இறங்கும், உறைந்து இளகும் மண் சென்சரை மேலே தள்ளும் என்பார்கள். வன்னியில் பற்றரியைக் குளிர் தொடாது, பெட்டியை வெயில் பொரிக்கும். பனி தள்ளாது, ஆனால் மழை மேல்மண்ணைக் கழுவும், கறையான் மூடும், எலி வயரைக் கடிக்கும், மாடு மிதிக்கும், பன்றி கிளறும்.

ஒரு சென்ரிமீற்றர் தவறினால்

கருவியின் துல்லியத்தைப் பார்க்கமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்ப அலை ஆழம் போகப்போகத் தேயும். ஓரளவு ஈரமான மண்ணில் அந்த அலை 12 செ.மீ. அளவுக்கு இறங்கும்போது மேற்பரப்பில் இருந்ததில் மூன்றிலொன்றுக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். காய்ந்த மணலில் 8 செ.மீ. போதும்.

மேற்பரப்பு சராசரிக்கு 12 பாகை மேலும் கீழும் ஆடுகிறது என்றால், ஈரமண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் ஆட்டம் கிட்டத்தட்ட 7.9 பாகை. அதே சென்சர் 4 செ.மீ. இல் கிடந்தால் 8.6 வரும், 6 செ.மீ. இல் கிடந்தால் 7.3. ஒரு சென்ரிமீற்றர் பிசகு அரைப் பாகைக்கு மேல் தின்றுவிடும். காய்ந்த செம்மண்ணில் இன்னும் கூடத் தின்னும். சந்தையில் உள்ள மலிவான சென்சரின் உத்தரவாதமே ±0.5 பாகை. ஆக, ±0.2 பாகைக் கருவிக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு அதைக் கண்மதிப்பில் புதைத்தால், கொடுத்த காசு மண்ணோடு போய்விடும்.

கச்சானில் இந்த 5 செ.மீ. சும்மா வந்த எண் அல்ல. பூ கருவுற்று விழுது இறங்கிக் காய் பிடிப்பது இந்த ஆழத்தை ஒட்டித்தான். வானிலை நிலையங்களில் மண் வெப்பநிலை எடுக்கும் வழமையான ஆழங்களிலும் 5, 10 இரண்டும் உண்டு. எனவே 12 பாத்திக்கு இரண்டு ஆழமாக 24 சென்சர்.

மண்ணுக்கு நாலு வழி

பொத்தான் லொகர் எனப்படும் ஐபட்டன் 17 மில்லிமீற்றர் அகல உருக்குப் பொத்தான். உள்ளே சென்சர், கடிகாரம், நினைவகம், பற்றரி எல்லாம் அடக்கம். வயர் கிடையாது, மண்ணுக்கு மேலே எதுவும் தெரியாது. மாடு, களவு, யானை நடமாட்டம் உள்ள காட்டோரக் காணிக்கு இதைவிட நிம்மதியான பொருள் இல்லை. ஆனால் நினைவகத்தைக் கவனிக்க வேண்டும். டிஎஸ்1922எல் மாதிரியில் நுண்ணிய பதிவாக, அதாவது 0.0625 பாகைப் படியில் வைத்தால், 4096 வாசிப்புத்தான் கொள்ளும். அரை மணிக்கு ஒன்றென்றால் 85 நாள். 90 நாளுக்கு மேல் நிற்கும் கச்சானில் அறுவடைக்குமுன் கடைசிக் கிழமைகள் போய்விடும். மணிக்கு ஒன்றென்றால் 170 நாள் வரும், ஆனால் பகல் உச்சம் சற்று மழுங்கும். இன்னும் பெரிய குறை, வாசிக்க வேண்டுமென்றால் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்துத் திரும்பப் புதைத்தால் பழைய ஆழம் போயிற்று, பழைய மண் இறுக்கமும் போயிற்று. தண்ணீர் புகுவதற்கும் இது முழு எதிரியல்ல. பராஃபில்ம் என்ற மெழுகுப் படலம் சுற்றியோ இறப்பர் பூச்சுப் பூசியோ புதைக்க வேண்டும். பற்றரி முடிந்தால் பொத்தானையே எறிய வேண்டியதுதான்.

அடுத்தது டொம்ஸ்ட் நிறுவனத்தின் டிஎம்எஸ்-4 என்ற முளை லொகர். மண்ணுக்குள் 6 முதல் 8 செ.மீ. இல் ஒரு சென்சர், மண்ணை ஒட்டி 2 செ.மீ. உயரத்தில் ஒன்று, 15 செ.மீ. உயரத்தில் வெள்ளைக் குடைக்குக் கீழே ஒன்று, கூடவே மண் ஈரம். கால் மணிக்கொரு பதிவு, ஆண்டுக்கணக்காக ஓடும். குத்திவிட்டு வந்தால் வேலை முடிந்தது. இதன் வசதிதான் இதன் பொறியும். 15 செ.மீ. சென்சர் கச்சான் வளர்ந்ததும் இலைக்குள் மறைந்துவிடும், உடனே அந்த நிரலுக்கு ‘விதான வெப்பநிலை’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். அது இலைக்கு நடுவிலுள்ள காற்று. நீர்ப்பற்றாத நண்பகலில் இலை அந்தக் காற்றைவிடச் சூடாகும், நீர் இருந்தால் குளிர்ந்திருக்கும். நாம் தேடும் தகவலே அந்த வித்தியாசம்தான். மண் ஈரமாக வரும் எண்ணும் அளவுதிருத்தாத வெறும் எண். செம்மண்ணுக்கு ஒரு திருத்தக் கோடு, மன்னார் முருங்கன் கருமண்ணுக்கு வேறு கோடு போட்டால்தான் அர்த்தம் வரும். ஆவணி வெயிலில் செம்மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும்போது இதைக் கையால் குத்தி அழுத்தினால் முளை உடையும். முதல்நாள் தண்ணீர் விட்டு, அதே தடிப்பான இரும்பால் வழி போட்டுவிட்டு இறக்க வேண்டும். அலவாங்கால் வழி போட்டால் துளை அகலமாகி, முளைக்கும் மண்ணுக்கும் இடையில் காற்றுதான் நிற்கும்.

ஹோபோ மாதிரியான இரட்டை வயர் லொகர் நடுவழி. யூ23 வரிசையில் இரண்டு வெளிச் சென்சர் உள்ள மாதிரி ஒன்று பாத்திக்கு ஒன்றென வைத்தால் 5, 10 இரண்டும் அடங்கும். துல்லியம் ±0.21 பாகை, 42,000 வாசிப்பு வரை பிடிக்கும். கால் மணிக்கு இரண்டு வாசிப்பென்றால் 200 நாளுக்கு மேல். மண்ணைத் தொடாமல் தரவை இறக்கலாம். ஈயம் ஒட்டும் சூடுகோல் பிடிக்கத் தெரிந்தவர் அணியில் இல்லையென்றால் இதுதான் நமது தெரிவு. 12 வாங்கக் காசு போதாவிட்டால், பாத்தியைக் குறைக்காமல் கீழே வரும் மலிவு வழிக்குப் போகலாம். மீள்செய்கை, அதாவது ஒரே முறைக்கான பாத்திகளின் எண்ணிக்கை, நாலிலிருந்து இரண்டானால், சென்சர் எவ்வளவு நல்லதானாலும் முடிவு சொல்ல முடியாது.

வெப்பவிணையை, அதாவது இரண்டு உலோக வயர்கள் சேரும் முனையால் வெப்பநிலை அளக்கும் முறையை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரீ வகை வயர் மெல்லியது, விழுது இறங்கும் இடத்துக்கே கொண்டுபோகலாம். ஆனால் 24 வயரும் ஒரு மத்திய லொகருக்கு வர வேண்டும். அந்த லொகரின் முனைத்தட்டில் ஒரு பக்கம் வெயில் பட்டால், அந்தச் சாய்வு அப்படியே வாசிப்பில் ஏறும். அறுந்த இடத்தைச் சாதாரணச் செப்பு வயரால் ஒட்டினால் புதிதாக ஒரு வெப்பவிணை பிறந்துவிடும். யானை மின்வேலி உள்ள இடத்தில் ஏறக்குறைய விநாடிக்கொரு தடவை அடிக்கும் துடிப்பு, பக்கத்தில் சமாந்தரமாக ஓடும் நீள வயரில் இரைச்சலாக வந்து நிற்கும். இடிமின்னலுக்கும் நீள வயர்தான் பிடித்தமான பாதை. கருவிகளும் பழகிய ஆளும் ஏற்கனவே உள்ள ஆய்வுநிலையத்துக்கு மட்டும் இது சரி.

சொந்தமாகக் கட்டுவதென்றால்

டிஎஸ்18பி20 என்ற இலக்கச் சென்சர் நீர்புகா உருக்குக் குழாயில் வரும். 12 பிற்றில் 0.0625 பாகைப் படி, வழக்கமான மண் வெப்பநிலையில் ±0.5 பாகை. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் இருப்பதால் மூன்று வயரில் பலதைத் தொடுக்கலாம். விலையில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. பாத்திக்கு ஒரு பெட்டியாக 3.3 வோல்ற் புரோ மினி என்ற சின்னக் கணிப்பலகை, டிஎஸ்3231 கடிகாரம், மைக்ரோ எஸ்டி அட்டை, மூன்று ஏஏ பற்றரி. தரவு வயருக்கும் மின்வயருக்கும் நடுவே 4.7 கிலோஓம் தடை. சக்தி விளக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாசிப்புகளுக்கு இடையில் சென்சருக்கும் அட்டைக்கும் போகும் மின்னை நிறுத்தினால் ஒரு போகம் தாண்டும்.

புரோ மினிக்குப் பதிலாக ஈஎஸ்பி32 என்ற கணிப்பலகை கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் பல பலகைகள் தூக்கத்திலும் 10 மில்லிஅம்பியர் வரை இழுக்கும். 2500 மில்லிஅம்பியர்மணிப் பற்றரி பத்து நாளில் காலி. மலிவுக் கடிகாரத் துண்டுகளில் இன்னொரு குறும்பு உண்டு. பற்றரியை மின்னேற்றும் சுற்று அதிலேயே இருக்கும், மின்னேற்றக்கூடாத சிஆர்2032 ஐப் போட்டால் அது வீங்கும். அந்தச் சுற்றின் டயோட்டைக் கழற்றிவிட வேண்டும்.

போலிச் சென்சர்கள் ஏராளம். அசலின் இலக்கம் பெரும்பாலும் 28 இல் தொடங்கும், கடைசிச் சோடிக்கு முந்திய இரண்டு சோடியும் 00 ஆக இருக்கும். தரவில் 85 என்று வந்தால் மண் கொதிக்கவில்லை. மின் கிடைத்ததும் சென்சர் சொல்லும் ஆரம்ப எண் அது, அளந்து முடிக்கமுன் வாசித்துவிட்டீர்கள். 12 பிற்றுக்கு 750 மில்லிவிநாடி கொடுக்க வேண்டும். கழித்தல் 127 வந்தால் வயர் விட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் வடிகட்டாமல் நாளாந்தச் சராசரி போட்டால், ஒரே ஒரு பிழை வாசிப்பு வைக்கோலின் முழு விளைவையும் விழுங்கிவிடும்.

குழாயின் பின்வாயை அப்படியே நம்பக்கூடாது. சூட்டில் சுருங்கும் பிளாஸ்ரிக்கின் ஓரத்தால் தண்ணீர் ஏறும். எபொக்சி பூசி, உட்பக்கம் பசையுள்ள சுருங்குகுழாய் ஒன்றை மேலே ஏற்ற வேண்டும். பெட்டியின் வயர்த் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். வயர் பெட்டிக்குள் ஏறமுன் ஒரு தொங்கல் விட்டால் மழைத்துளி அங்கேயே சொட்டிவிடும். துளையில் இடைவெளி இருந்தால் எறும்பு ஈரமண்ணோடு உள்ளே குடியேறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் அதைத் தடுக்காது, துளையை அடைக்கும் களிம்புதான் தடுக்கும்.

புதைக்கமுன் 24 சென்சரையும் இறப்பர் வளையத்தால் ஒரே கட்டாகக் கட்டி, றிஜிபோம் பெட்டியில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த சகதிக்குள் வைத்து, கலக்கிக்கொண்டே கால் மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். மீன்சந்தை ஐஸ் மலிவுதான், ஆனால் உப்புத் தண்ணீர் பட்ட ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும். நல்ல தண்ணீரில் உறைய வைத்ததுதான் வேண்டும். பிறகு 30, 45 பாகைத் தண்ணீரிலும் அதையே செய்து, ஒவ்வொன்றும் கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பாத்திக்கும் பாத்திக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குத் தேவை. 24 உம் ஒரே சுருதியில் நின்றால் ±0.5 என்ற அட்டைவாசகம் பெரிதாக உறுத்தாது.

புதைக்கும் விதம்

உருக்குக் குழாய் 5 செ.மீ. நீளம். அதை மேலிருந்து செங்குத்தாகக் குத்தினால், அது 5 செ.மீ. ஆழத்தை அளக்காது, மேற்பரப்பிலிருந்து 5 வரைக்குமான கலவையை அளக்கும். பாத்திக்குள் ஒரு ஓரத்தில் சின்னக் குழி வெட்டி, வெட்டாத சுவரில் மேற்பரப்பிலிருந்து அடிமட்டத்தால் 5, 10 குறித்து, அதே தடிப்பான கம்பியால் கிடையாகத் துளைத்துச் சென்சரைச் செலுத்த வேண்டும். வயரை உடனே மேலே தூக்காமல் 30 செ.மீ. அதே ஆழத்தில் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் காயும் செப்பு, சூட்டைச் சென்சர் வரை கொண்டுபோகும். மண்ணை எடுத்த அடுக்கு ஒழுங்கிலேயே திரும்பப் போட்டு, இரண்டு தடவை தண்ணீர் கட்டி இறுகிய பிறகு வரும் தரவைத்தான் எடுக்கலாம்.

வைக்கோல் பாத்தியில் ஆழத்தை வைக்கோலின் மேலிருந்து அளப்பதா, மண்ணிலிருந்தா? மண்ணிலிருந்துதான். முன்னமே எழுதி வைக்காவிட்டால் இரண்டு பேர் இரண்டு விதமாகப் புதைப்பார்கள். கச்சானுக்கு மண் அணைக்கும்போது 5 செ.மீ. சென்சர் 8 ஆகிவிடும், அந்தத் திகதியைக் குறிக்காதவர் ‘வெப்பநிலை திடீரென்று குறைந்தது’ என்று எழுதுவார். இரண்டு கிழமைக்கொரு தடவை, மண்ணோடு மட்டமாகக் கோடு கீறிய குச்சியைப் பார்த்து ஆழத்தைச் சரிபார்க்கலாம். முருங்கன் பக்கத்துக் கருமண்ணில் வேலை இன்னும் கடினம். காயும்போது வெடிப்பு சென்சர் வழியே ஓடினால், அதன்பின் அது அளப்பது வெடிப்புக்குள் இறங்கும் காற்றை. அங்கே பாத்திக்கு இரண்டு சென்சர் ஒரே ஆழத்தில் வைப்பது ஆடம்பரம் அல்ல.

இலைக்கு எது

கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, பாத்தியில் நிலையாக நிற்கும் அகச்சிவப்பு உணரி, வெப்பக் கமரா. இலையில் வெப்பவிணை ஒட்டுவதை விட்டுவிடலாம். ஓர் இலையைத்தான் சொல்லும், காற்றடித்தால் கழன்றுவிடும்.

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து, இலைக்கு நடுவே தெரியும் மண். இலை 32 பாகை, வெயில் குடித்த வெறுமண் 50. கருவி பார்க்கும் வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மண் என்றால் வாசிப்பு 35.6 ஐத் தாண்டும். மூன்று கிழமைக் கச்சானில் இந்த எண்ணைப் பார்த்துப் ‘பயிர் வாடுகிறது’ என்று தண்ணீர் இறைத்தால், இறைத்தது மண்ணின் சூட்டுக்குத்தான். வைக்கோல் போட்ட பாத்தியில் பின்னணி வேறு என்பதால் ஒப்பீடே கோணும். வரிசை மூடும்வரை விதான வெப்பநிலை எடுக்காமல் விடுவது நேர்மை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் நேர்கீழாக நோக்காமல், வரிசைக்குக் குறுக்காக 45 பாகை சாய்த்து, இரண்டு பக்கமிருந்தும் எடுத்துச் சராசரி போடலாம்.

கைவெப்பமானியில் 12:1 என்று எழுதியிருந்தால் 1.2 மீற்றரில் 10 செ.மீ. வட்டம் பார்க்கும். லேசர்ப் புள்ளி அந்த வட்டத்தின் அளவல்ல. உத்தரவாதம் பெரும்பாலும் ±2 பாகை, சிறுபோகத்துச் சோளகக் காற்றில் நீருள்ள பயிருக்கும் வாடும் பயிருக்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பெரிதாகவே வரும். காலபோகம் என்ற மழைக்காலப் போகத்து ஈரக்காற்றில் அந்த இடைவெளி ஒன்றிரண்டு பாகைக்குள் சுருங்கும், அப்போது இந்தக் கருவியை வெறுமனே நம்ப முடியாது. அதற்கு ஒரு மலிவு மருந்து உண்டு. மங்கல் கறுப்புப் பூசிய தகரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஒரு டிஎஸ்18பி20 போட்டு நிழலில் வைத்து, ஒவ்வொரு சுற்றின் முதலும் முடிவும் தகரத்தைச் சுட்டுப் பார்த்தால் கருவியின் விலகல் தெரியும். மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுடக்கூடாது, நிழலில் 20 நிமிடம் ஆற வேண்டும். இலையின் காலல்திறன், அதாவது அகச்சிவப்பை வெளிவிடும் திறன், 0.97, 0.98 அளவு. கருவி 0.95 இல் நிலைத்திருந்தால் தெளிவான வானத்தின் கீழ் அரைப் பாகை அளவில் குறைத்துக் காட்டலாம். எல்லாப் பாத்திக்கும் அதே குறைவு என்பதால் வித்தியாசம் தப்பிவிடும்.

நேரம் 12.30 முதல் 2 மணிக்குள். 12 பாத்திக்கு ஆறு வாசிப்பென்றால் 20 நிமிடம் பிடிக்கும், அதற்குள் ஒரு முகில் போனாலே இலை இரண்டு மூன்று பாகை இறங்கும். வெறுமண் நாலையும் முதலில், வைக்கோல் நாலையும் பிறகு என்று போகாமல், வெறுமண், வைக்கோல், கூண்டு என்ற மூன்று பரிகரிப்பும் சேர்ந்த தொகுதி தொகுதியாக முடிக்க வேண்டும். கூண்டுப் பாத்தியில் ஒரு கண்ணி: பொலிகாபனேற்றுச் சுவர் கண்ணுக்குத் தெளிவு, அகச்சிவப்புக்குச் சுவர். வெளியில் நின்று சுட்டால் வருவது பிளாஸ்ரிக்கின் சூடு. திறந்த மேல்வாயால்தான் நோக்க வேண்டும்.

நிலையான உணரியில் அப்போஜி எஸ்ஐ-111 போன்றது ±0.2 பாகை தரும். அதன் அரைக்கோணம் 22 பாகை என்பதால் 1 மீற்றர் உயரத்தில் 80 செ.மீ. அகல வட்டம் பார்க்கும், 3 மீற்றர்ப் பாத்திக்குள் சுகமாக அடங்கும். 12 வாங்குவது சாதாரணத் திட்டத்துக்குக் கனவு. எம்எல்எக்ஸ்90614 துண்டு மலிவு, ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 90 பாகைப் பார்வையுள்ள மாதிரி. 1 மீற்றரில் 2 மீற்றர் வட்டம், ஓரத்து வரம்பும் பக்கத்து வெறுமண்ணும் அதற்குள் வந்துவிடும். 35 பாகை மாதிரியைத் தேடி எடுத்து, அலுமினியக் கட்டைக்குள் பொருத்தி, மேலே வெள்ளைக் குடை போட்டால்தான் உருப்படும். உறையின் ஒரு பக்கம் வெயில் பட்டாலே வாசிப்பு நகரும். கிழமைக்கொரு தடவை குழலுக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டும். குளவி மண் வைத்துவிட்டால் போகம் முழுக்கக் குளவிக்கூட்டின் வெப்பநிலைதான் அழகாகப் பதிவாகியிருக்கும்.

கைபேசியில் பூட்டும் வெப்பக் கமராவின் பிழை ±3 பாகை வரை போகும், எண்ணுக்காக வாங்கக்கூடாது. படத்துக்குள் இரண்டு இலையைச் சேர்த்தால் கதை மாறும். ஒன்றில் இருபுறமும் வஸ்லின் பூசி ஆவியாதலை நிறுத்த வேண்டும், மற்றதில் ஒரு துளி சவர்க்காரம் கலந்த தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். வறண்ட இலைக்கும் ஈர இலைக்கும் நடுவே பயிர் எங்கே நிற்கிறது என்பது அதே படத்திலேயே தெரியும், கமராவின் விலகல் கழிந்துபோகும். நனைத்த இலை அந்த வெயிலில் சில நிமிடத்தில் காயும், பாத்திக்குப் பாத்தி திரும்பத் தெளிக்க வேண்டும்.

12 பாத்திக்கு நமது ஒழுங்கு

மண்ணுக்குச் சொந்தக் கட்டில் 24 டிஎஸ்18பி20, பாத்திக்கு ஒரு பெட்டி, ஆறு உதிரிச் சென்சர். கட்டத் தெரிந்தவர் இல்லையென்றால் இரட்டை வயர் லொகர். இலைக்கு ஒரே ஒரு நல்ல கைவெப்பமானி, கறுப்புத் தகரத்தோடு, போகம் முழுக்க ஒரே ஆள் கையில். மிச்சக் காசிருந்தால் நிலையான உணரி மூன்று, ஒரு தொகுதியின் மூன்று பாத்தியிலும். அது மீள்செய்கைக்குப் பதிலாகாது. கைவெப்பமானி பார்த்த அந்த இருபது நிமிடம் நாளின் எந்த இடத்தில் விழுந்தது என்று சொல்லத்தான் அது. பொத்தான் லொகர் யானை வரும் காணிக்கு. முளை லொகர், மண் ஈரமும் சேர்த்துப் பல ஆண்டு பார்க்கப்போகும் இடத்துக்கு.

வைக்கோல் போடமுன், கூண்டு வைக்கமுன், 24 சென்சரும் மண்ணுக்குள் போய் 12 பாத்தியும் ஒன்றுபோலக் கிடக்கும் இரண்டு கிழமை வேண்டும். மர நிழல், கிணற்றுப் பக்கத்து ஈரம், பழைய வரம்பு இருந்த தடம் எல்லாம் அந்த இரண்டு கிழமையில்தான் வெளியே வரும். ஏழாம் பாத்தி மற்றவற்றைவிட 0.4 பாகை குளிராக நின்றால், வைக்கோல் போட்ட பிறகும் அந்த 0.4 ஐக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.